பூஜைக்கு வைத்த கேன்

என்னைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பால் பாக்கெட்டை மூக்கருகில் வைத்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டேன். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருக்கோடி வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். கரமனையில் எங்கள் தெருவில் இதற்காகவே என்னைக் கேலி செய்யச் சிலர் உண்டு. அவர்களில் முதல் ஆள் என் கணவர். "ஒனக்கு இந்த சம்சயம் ஒரு வியாதியாக்கும்" என்பார். வியாதியாகவே இருக்கட்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் கெட்டுப்போன பாலில் அவருக்கு ஒரு நாளும் காப்பி கிடைத்ததில்லை. அதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில், சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு ஸ்டோர் பொறுப்பு. சரக்கு என்ன வந்தது, என்ன போனது என்று பார்ப்பதோடு, யாருக்கும் கையில் காலில் பட்டுக்கொள்ளாமல் வேலை நடக்கிறதா என்று பார்ப்பதும் என் தலையில்தான் விடிந்திருக்கிறது. சந்தேகப்படுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று முதலாளி சொல்லிச் சிரிப்பார். அவர் மலையாளி, நல்ல மனுஷர், ஆனால் எல்லாவற்றையும் சிரித்தே தள்ளிவிடுகிற ரகம்.

கம்பெனியில் செய்வது இதுதான். கண்ணாடி நாரில் நெய்த துணி சுருள் சுருளாக வரும். அதை ஒரு தொட்டியில் முக்கி எடுத்து, உலர்த்தி, பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புவோம். அவர்கள் அதைப் பிசினோடு சேர்த்து மின்சாரப் பலகைகள் செய்வார்கள். கண்ணாடியும் பிசினும் லேசில் ஒட்டிக்கொள்ளாது. இரண்டுக்கும் நடுவில் கல்யாணத் தரகர் மாதிரி ஒன்று வேண்டும். அதுதான் சைலேன். தொட்டித் தண்ணீரில் அதைக் கொஞ்சமாகக் கலப்போம். எங்கள் ஆட்கள் யாரும் சைலேன் என்று சொல்வதில்லை, மருந்து என்றுதான் சொல்வார்கள்.

பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அதன்மேல் எனக்கு வந்த முதல் சந்தேகமே அதனால்தான். தண்ணீர் போல இருந்துகொண்டு தோலைப் பொசுக்கும். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடலாம். மூடியைத் திறந்தால் மீன் வாடையும் நவச்சார வாடையும் கலந்து மூக்கில் ஏறும். எல்லாவற்றையும்விட அதற்கு ஆகாதது ஈரம். டிரம்மோடு வருகிற காகிதத்தில் இதையெல்லாம் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்? நான் எங்கள் ஆட்களுக்கு ஒரே வரியில் சொல்லிவைத்திருந்தேன். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடுவீர்களா? இதிலும் போடாதீர்கள். ஊறுகாய் பூஞ்சை பிடிக்கும், இது சூடாகி உப்பி வெடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று.

பெரிய டிரம்மிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் மருந்தை எடுத்துத் தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கேனை ஒருநாளும் கழுவக்கூடாது, உலர்ந்த துணியால் வெளியே துடைத்தால் போதும் என்பது சட்டம். நான் போட்ட சட்டம்.

கேனும் தொட்டியும் ஒருவர் பொறுப்பில் இருந்தன. குழித்துறைப் பக்கத்து ஆள். வயதில் என்னைவிட மூத்தவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். அவரோ என்னைச் சேச்சி, அதாவது அக்கா என்பார், அது அங்கே எல்லோரும் என்னைக் கூப்பிடுகிற வழக்கம். வேலையில் சுத்தம், பேச்சில் மரியாதை, சனிக்கிழமையானால் மட்டும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வார் என்று கேள்வி.

அண்ணாச்சிக்கு ஒரு கண்தான் உண்டு. இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. எப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருக்கிற வலது கண்ணை வைத்துக்கொண்டு அவர் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேனைத் திறந்ததும் தலையைச் சாய்த்து, அந்த நல்ல கண்ணைக் கேனின் வாய்க்கு நேரே கொண்டுபோய், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு துளி தெறித்தால் போதும்.

முகத்தை முழுக்க மூடுகிற ஷீல்டு ஒன்று தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. போடமாட்டார். போட்டால் மூச்சு ஆவி படிந்து மங்கிவிடுகிறது, இரண்டு கண் உள்ளவனுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன், திட்டிப் பார்த்துவிட்டேன். நான் நிற்கும்போது மாட்டிக்கொள்வார், அந்தப் பக்கம் திரும்பினால் அது ஆணிக்குப் போய்விடும்.

இனி பூஜைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பூஜை வைப்பு என்றால் அஷ்டமி சாயங்காலம் வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நடுவில் தொடக்கூடாது. வீட்டில் பிள்ளைகளின் புத்தகம், கம்பெனியில் ஆயுதம். புத்தகத்தைத் தொடாமல் இருப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கிற பக்தி வேறெதிலும் கிடையாது, அது வேறு கதை. எங்கள் கம்பெனியில் ஸ்பானர், கத்தரி, அளவு ஜக்கு என்று எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தொட்டி இருக்கும் ஹாலில் தேவி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அந்த வருஷம் கேனையும் வைத்தார்கள்.

அஷ்டமியன்று மத்தியானம் முழுவதும் நான் பின்பக்கம் துணிச் சுருள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் கழுவுகிற சத்தமும் சிரிப்பும் கேட்டது. இடி இடித்து மழையும் கொட்டியது. நான் ஹாலுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. கேன் பளபளவென்று நின்றது. அதற்குக் குங்குமப் பொட்டு வைத்து, செத்திப்பூ மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் அண்ணாச்சி குளித்து, வேட்டி கட்டி, பட்டை போட்டுக் கைகூப்பி நின்றார். நானும் கைகூப்பினேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது வாடை. ஸ்பிரிட். சந்தேகமே இல்லை, ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் பஞ்சில் தடவுவார்களே, அதே வாடை, அண்ணாச்சி நின்ற பக்கத்திலிருந்து.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சனிக்கிழமை குடி, உன் பாடு. பூஜைக்குமா? விளக்குக்கு முன்னால் நின்று கும்பிடுகிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, என்ன தைரியம் இந்த ஆளுக்கு என்றுதான் தோன்றியது. எல்லோர் முன்னாலும் கேட்டு அவமானப்படுத்த வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டோரையும் ஹாலையும் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டைதான்.

மறுநாள் நவமி, லீவு. காலையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போதும் அதே யோசனை. பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். நேற்று பூஜையில் நின்றபோது வாடை வந்ததே, நாளைக்கு விஜயதசமிக்கும் அப்படித்தான் வரப்போகிறீர்களா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

 அவர் சொன்னார்: "நான் நோம்புல்லா சேச்சி. கொலு தொடங்கின அன்னையிலேருந்து தொட்டதில்ல. அம்மையாண."

சும்மா அம்மாமேல் ஆணையிடுகிற மனுஷர் அல்ல அவர். குரலில் கோபம்கூட இல்லை, மனசு புண்பட்டது மட்டும் தெரிந்தது. என்னிடம் நிறையப் பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள், இப்படி மெதுவாக யாரும் சொன்னதில்லை. நம்பினேன். நம்பின அடுத்த நிமிஷமே வேறு கேள்வி வந்து நின்றது. அவர் குடிக்கவில்லையென்றால் வாடை எங்கிருந்து வந்தது? அவர் நின்ற பக்கத்தில் வேறு என்ன இருந்தது?

கேன் இருந்தது.

காகிதத்தில் நானே படித்ததுதான். ஈரம் பட்டால் இந்த மருந்து தன்னிடமிருந்து ஸ்பிரிட்டைக் கக்கும். சாராயத்தில் இருக்கிற அதே ஸ்பிரிட். நேற்று எனக்கு அது ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமைக் குடிதான் முதலில் ஞாபகம் வந்தது, அதோடு மூளை நின்றுவிட்டது. கேனைக் கழுவினீர்களா என்று கேட்டேன். 

கழுவினாராம். பெருமையாகச் சொன்னார். வாய்ப்பக்கம் பிசின் போலக் காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடந்ததாம், அந்த அழுக்கோடு அம்பாள் முன்னால் எப்படி வைப்பது என்று உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினாராம். உலர்ந்ததா என்று கேட்டேன். மழையல்லவா பெய்தது, எங்கே உலர என்றார். கவிழ்த்து வைத்ததில் சொட்டெல்லாம் போய்விட்டதாம். பிறகு டிரம்மிலிருந்து கழுத்துவரை மருந்தை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி வைத்தாராம்.

"எதுக்கு நிரப்பினேள்?" என்றேன்.

"பூஜைக்கு வைக்கிய பாத்திரம் நெறஞ்சு இருக்காண்டாமா சேச்சி?" என்றார்.

 நிறைகுடமும் நிறைநாழியும் வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. என் வீட்டிலேயே அரிசி டப்பாவைக் காலியாக விட்டுப் பூஜைக்கு உட்காரமாட்டேன். கால்வாசிக்குமேல் என்றும் இருந்திராத கேன் அது. இப்போது ஈரத்தோடு, கழுத்து முட்ட மருந்தோடு, காற்றுக்கு ஒரு விரல்கடை இடமில்லாமல், இறுக்கி மூடி, அஷ்டமி சாயங்காலத்திலிருந்து தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது.  நாளைக்கு அதைத் திறக்கப்போகிறவரும் அவர்தான். விஜயதசமியன்று பூஜையெடுத்து முதல் வேலையைத் தொடங்கிவைப்பது வருஷாவருஷம் அண்ணாச்சியின் உரிமை. திறப்பார், தலையைச் சாய்ப்பார், அந்த ஒரே கண்ணைக் கொண்டுபோய் வைப்பார்.

விஷயத்தைச் சொன்னேன். கேன் உப்பியிருக்கும், திறந்தால் முகத்தில் பீச்சி அடிக்கும் என்றேன். அவருக்கு ஏறவில்லை. தினமும் தண்ணீரில்தானே கலக்குகிறோம், ஒருநாளாவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்றார். தொட்டி திறந்து கிடக்கிறது, அங்கே நிறையத் தண்ணீரில் கொஞ்சம் மருந்து, இங்கே மருந்து முழுக்க மூடிக் கிடக்கிறது, கக்குகிற ஆவி போக வழியில்லை என்று விளக்கினேன். ம், ம் என்று கேட்டுக்கொண்டார். குடித்தீர்களா என்று கேட்டவள் அடுத்த மூச்சில் இதைச் சொன்னால் யாருக்குத்தான் ஏறும்? நாளைக்கு மெதுவாகத் திறக்கிறேன் சேச்சி, பயப்படாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஷீல்டு போடுகிறேன் என்று சொல்லவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டேன். "சேச்சிக்கு எப்போழும் சம்சயமா" என்று சிரித்தார். பூஜைக்கு வைத்ததை நவமியன்று தொடுவதா, கேட்கவே நன்றாயில்லை, எதுவானாலும் நாளைக்குப் பூஜையெடுத்த பிறகு பார்க்கலாம் என்றார். இன்னொரு சாவி அவரிடம் உண்டு, சாயங்காலம் வந்து விளக்கு மட்டும் ஏற்றுவேன் என்று வேறு சொன்னார். ஸ்பிரிட் வாடை வருகிற இடத்தில் விளக்கு! எனக்கு அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நவமிக்குக் கோயிலுக்குப் போகிறவளை யார் கேட்பார்கள்?

தொழிற்பேட்டை வெறிச்சோடிக் கிடந்தது. கேட்டில் வாட்ச்மேன் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன் என்றேன். தலையை ஆட்டினார். மூக்குக்கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

ஹாலைத் திறந்ததும் அந்த வாடை, நேற்றைவிடக் கனமாக. ஜன்னல்களையெல்லாம் திறந்தேன். லைட் சுவிட்சைக்கூடத் தொடவில்லை, அதில் ஒரு பொறி பறந்தாலும் போதுமே என்று பயம். கேனைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. நேற்றுத் தொளதொளவென்று கிடந்த செத்திப்பூ மாலை கேனின் வயிற்றில் இறுகி நின்றது. பக்கங்கள் புடைத்து, குங்குமப் பொட்டு வெடித்திருந்தது. அடிப்பாகமும் உப்பியதில் கேன் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது.

தொடலாமா? நானும் அந்தத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள்தான். பூஜைக்கு வைத்த பொருளை நவமியன்று தொட்டேன் என்று என் மாமியார் இருந்தபோது சொல்லியிருந்தால் வீட்டுக்குள் சேர்த்திருக்கமாட்டார். எனக்கும் கை வரவில்லை. படத்தைப் பார்த்தேன். தாயே, நாளைக்கு அந்த ஆளின் கண் போவதைவிட இன்றைக்கு என்மேல் கோபித்துக்கொள், பரவாயில்லை என்று வாய்விட்டே சொன்னேன். அணைந்து கிடந்த விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல்படிக்கு வெளியே வைத்தேன். சாயங்காலம் முதலாளி அங்கேயே ஏற்றட்டும்.

பிறகு கையுறை, ஏப்ரன், ஆணியில் தொங்கிய ஷீல்டு. மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தேன். உலர்ந்த பருத்தித் துணியை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, அமுக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை மயிரிழை அளவு திருகினேன். இஸ்ஸென்று ஒரு சீறல். நிறுத்தினேன். மறுபடி கொஞ்சம். இந்தத் தடவை துணியையும் மீறிக்கொண்டு பீச்சியது. ஷீல்டில் சடசடவென்று துளிகள் விழுந்தன. ஒன்றிரண்டு துளி கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் புகுந்துவிட்டது. சுரீரென்றது. விட்டுவிட்டு ஓடத்தான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சீறல் அடங்கும்வரை பிடித்திருந்து, மூடியை இறுக்காமல் தளர விட்டுவிட்டு, குழாயடிக்கு ஓடிக் கையை நீட்டினேன். தண்ணீர் விழ விழ அழுதேன். வலியா, கோபமா தெரியவில்லை. என்ன வேலை இது, யாருக்காக இப்படி, அந்த மனுஷர் ஒரு ஷீல்டைப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று திட்டிக்கொண்டே அழுதேன்.

கேனைச் சுற்றிலும் உலர்ந்த துணியால் துடைத்தேன். புடைப்பு அடங்கியிருந்தது. மாலையைப் போட்டு, குங்குமத்தைத் திருத்தி வைத்து, பழைய இடத்திலேயே நிறுத்தினேன். மூடிமேல் பிடித்த துணியை மட்டும் பின்பக்கம் திறந்தவெளியில் ஒரு வாளியில் போட்டேன். ஜன்னல்களைத் திறந்தபடியே விட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில், மணிக்கட்டில் கொப்புளத்தைப் பார்த்த கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார். காலையில் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தது என்றேன். அப்படியா என்று பேப்பருக்குத் திரும்பிவிட்டார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் கொஞ்சமாவது சந்தேகப்படக் கற்றுக்கொண்டாரா என்று எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

விஜயதசமி காலையில் எல்லோரும் வந்துவிட்டார்கள். விளக்கை யார் வெளியே வைத்தது என்று முதலாளி ஒரு தரம் கேட்டார், பதில் வராததால் விட்டுவிட்டார். ஜன்னல்கள் திறந்து கிடந்ததில் ஹாலில் வாடை போயிருந்தது, தீபாராதனை முடிந்தது. அண்ணாச்சி கேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஷீல்டை எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன். பூஜையெடுக்கும்போது முகத்தை மூடுவதா என்பது போலப் பார்த்துவிட்டு வாங்காமலே மூடியைத் திருகினார்.

ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? முதலாளி கைதட்டினார். சேச்சியின் வெடிகுண்டு எங்கே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார், என்னைப் புண்படுத்தாத சிரிப்புதான். "பாத்தியளா சேச்சி, அம்பாள் முன்னால வச்சது. எனக்கு இனி அந்தத் தட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, நல்ல கண்ணைக் கேனின் வாய்க்குக் கொண்டுபோனார். இனி எல்லாப் பூஜைக்கும் இப்படியே நிரப்பி வைத்துவிடலாம் என்றார் முதலாளி.

நான் செய்த காரியம் எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கண்ணைக் காப்பாற்றப் போய், ஷீல்டே வேண்டாம் என்ற தைரியத்தை நானே அவருக்குக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் மானம் தப்பும். அடுத்த பூஜைக்கோ, அதற்கடுத்ததற்கோ அந்தக் கண் போகும்.

நேற்று வந்து நான் திறந்தேன் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும். உப்பி நின்றதையும் சீறியதையும் சொன்னேன். யாரும் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. பின்பக்கம் போய் வாளியைக் கொண்டுவந்தேன். மருந்து காய்ந்து துணி மரக்கட்டை போல விறைத்துக் கிடந்தது. சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினேன். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

முதலாளியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பூஜைக்கு வைத்ததையா தொட்டீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா என்று ஆரம்பித்தார். ஒரு வார்த்தை என்ன, நாலு வார்த்தை சொன்னேன், நீங்கள்தான் சிரித்தீர்கள் என்று நானும் ஏறினேன். கம்பெனியில் அப்படி ஒரு குரலில் நான் பேசியதே இல்லை. அவர் அடங்கிப்போனார்.

அண்ணாச்சி இது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கேனை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். பூஜையைக் கெடுத்தேன் என்று அவர் திட்டுவார், குடிகாரன் என்று சொன்னதையும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன். தலையைச் சாய்த்து, அந்த ஒரு கண்ணால் என் மணிக்கட்டைப் பக்கத்தில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "ஒங்களுக்க கண்ணுல தெறிச்சிருந்தா, வெள்ளம் ஊத்த ஆரு இருந்தா சேச்சி?"

தண்ணீர் ஊற்ற ஒருத்தரும் இல்லை. வாட்ச்மேன் கேட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கணவர் நான் கோயிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறக்க முடியாமல் அந்தக் குழாயைத் தேடி நான் தடவிக்கொண்டிருந்தால், வந்து பார்க்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றியிருக்காது. உலகத்தில் எல்லார்மேலும் சந்தேகப்படுகிற எனக்கு, என்மேல் ஒரு சந்தேகம் வரவில்லை. முந்தின நாள் கேனுக்கு முன்னால் வராத பயம் இப்போது வந்தது.  துணிச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

 அண்ணாச்சி குழாயில் ரப்பர் பைப்பைச் செருகித் தண்ணீரைத் திறந்து, ஓடுகிற பைப்பை என் கையில் கொடுத்தார். ஷீல்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். ஈரம் பட்ட அந்தக் கேன் மருந்து முழுவதையும் தெறிக்காமல் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழித்துவிடப்போகிறோம், தெறித்தால் எனக்கு ஊற்ற, தீரும்வரை பைப்போடு அங்கேயே தள்ளி நில்லுங்கள் என்றார். நான் நின்றேன்.